அளவீட்டுக் கருவிகளில் விசிறி இரைச்சலைக் குறைப்பது எப்படி?

மின்னலைகளைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பையோ பவர் சப்ளையையோ ஆன் செய்த நொடியிலேயே விசிறி இரையத் தொடங்கிவிடும். நாள் முழுக்க அதன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது நிஜமான தொல்லை. பல கருவிகள் 40, 50 டிகிரி சூட்டிலும் தாக்குப்பிடிக்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. அதனால் 25 டிகிரி அறையில் விசிறி அவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருப்பதில்லை.

வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டமும் கிட்டத்தட்ட பாதியாகும். இரைச்சலோ சுமார் 15 டெசிபல் இறங்கிவிடும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும். வேகத்தில் 20 சதவீதம் மட்டும் குறைத்தாலும் சுமார் 5 டெசிபல் இறங்கும். குளிர்ச்சியில் இழப்பது கொஞ்சம், அமைதியில் கிடைப்பது அதிகம்.

சரி, அந்த இழப்பு எவ்வளவு? கருவிக்குள் 100 வாட் வெப்பம் உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியேறும் காற்று, உள்ளே வரும் காற்றைவிட 10 டிகிரி மட்டுமே சூடாக இருக்க, நொடிக்குச் சுமார் 8 லிட்டர் காற்று ஓட வேண்டும். அதைப் பாதியாக்கினால் 10 டிகிரி 20 ஆகிவிடும். கருவிக்குள் மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் பாதியாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு. எனவே எடுத்த எடுப்பில் பாதி வேகத்துக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரைச்சலில் விசிறியின் பங்கு மட்டுமல்ல, அதன் முன்னால் இருக்கும் தகட்டின் பங்கும் உண்டு. ஏழு இறக்கைகள் கொண்ட விசிறி நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், அந்தத் தகட்டின் ஒரு கம்பியை நொடிக்கு 350 முறை இறக்கை கடக்கும். காதைக் குடையும் அந்த ஒற்றைச் சுருதி இங்கேதான் பிறக்கிறது. காற்றை இழுக்கும் பக்கத்தில், இறக்கைக்கு ஒட்டினாற்போல், துளையிட்ட தகடு இருந்தால் இது இன்னும் மோசம். வளைகம்பி வலை போட்டு, விசிறியைச் சில மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தினாலே நல்ல வித்தியாசம் தெரியும். ரப்பர் பிடிப்புகள் பெட்டியின் அதிர்வைத் தடுக்கும். கரகரவென்று சத்தம் வந்தால் அது பேரிங் தேய்மானம்; விசிறியையே மாற்றிவிடுங்கள்.

வேகத்தைக் குறைக்க, விசிறிக்குப் போகும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டர் போதும். வெப்பத்துக்கேற்ப வேகத்தை மாற்றும் தெர்மிஸ்டர் சுற்று அதைவிட நல்லது. இரண்டு கம்பி விசிறிக்கு மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும் முறையை இந்தக் கருவிகளில் தவிர்ப்பது நல்லது. அந்தத் துடிப்புகள் அளவீட்டிலேயே கலந்துவிடலாம். மூன்றாவது கம்பி இருந்தால் கருவி விசிறியின் வேகத்தைக் கண்காணிக்கக்கூடும்; அளவுக்கு மீறிக் குறைத்தால் பிழை காட்டி நின்றுவிடும். குறைந்த மின்னழுத்தத்தில் விசிறி ஓடினால் மட்டும் போதாது, நின்ற நிலையிலிருந்து ஒவ்வொரு முறையும் கிளம்புகிறதா என்றும் பாருங்கள்.

பெட்டியைத் திறக்குமுன் மின்கம்பியைப் பிடுங்குங்கள். அதன் பிறகும் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தேங்கியிருக்கலாம்.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும், ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) மேல் தெர்மோகப்பிள் (வெப்பநிலையை உணரும் கம்பி) ஒட்டி, மூடியைப் பூட்டி, ஒரு மணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடி திறந்திருக்கும்போது காற்றின் பாதையே மாறிவிடும், அந்த அளவை நம்ப முடியாது. அப்புறம், தெரிந்த ஒரு மின்னழுத்தத்தையும் அளந்து பாருங்கள். உள்ளே சூடு மாறினால் கருவியின் துல்லியமும் கொஞ்சம் நகரும்.