கையாலைக்குப் போன பதினோரு கல்

கன்னியாகுமரி மாவட்டம் தோவாளைப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு விளையை (மேட்டு நிலத்தை) அளந்து எல்லை காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, முழுக்க உடைமுள். டேப் பிடிக்கிற தம்பி முள்ளை ஒதுக்கிக்கொண்டே போனவன், "சாரே, இங்க எவனோ கல்லை வட்டமா நட்டிருக்கான்" என்றான். போய்ப் பார்த்தால் முழங்கால் உயரத்துக்கு உருண்டைக் கற்கள், பாதி மண்ணுக்குள். எண்ணினேன், பதினொன்று. எந்தப் பக்கம் குறுக்கே டேப் போட்டாலும் ஏழரை மீட்டர், ஒரு சாண் முன்னே பின்னே. மலையிலிருந்து உருண்டு வந்த கல் இப்படிக் கணக்குப் பார்த்து உட்காராது.

தொல்லியல் படித்தவர் வந்து பார்க்காமல் அதைக் கல்வட்டம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், என் வேலை அளப்பது மட்டும்தான். ஆனால் நில அளவையில் இருக்கிற எவனுக்கும் சந்தேகம் வரவேண்டிய அடையாளங்கள் அங்கே இருந்தன. வட்டத்துக்கு நடுவே சல்லிக்கல் போட்டு மூடியது மாதிரி லேசான மேடு, அதில் ஒரு பலகைக்கல்லின் விளிம்பு. பக்கத்தில் ஒரு பானை ஓடு, வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்ளே காற்றுப் போகாததால் வருகிற கறுப்பு அது.

இரும்புக்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த இடத்தைச் சுற்றி நிறுத்தியதுதான் கல்வட்டம். உள்ளே பலகைக் கற்களால் பெட்டி மாதிரி ஓர் அறை இருக்கும், அல்லது தாழி, அதாவது இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானை, இருக்கும். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இப்படி ஒரு ஈமக்குழியில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல் சூதுபவள (சிவப்புக் கல்) மணிகள் கிடைத்தன. இதைச் சொன்னால் உடனே சிலருக்குப் புதையல் ஆசை வந்துவிடும். பெரும்பாலும் கிடைப்பது ஓடும் எலும்பும் துருப்பிடித்த இரும்பும்தான், மக்களே.

நம்ம மாவட்ட வரலாறு என்றால் பத்மநாபபுரம் அரண்மனை, உதயகிரிக் கோட்டை என்று திருவிதாங்கூரோடு நின்றுவிடுகிறோம். கொஞ்சம் பின்னே போனால் சிதறால் மலையின் சமணச் சிற்பங்கள், 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் எடுத்த பார்த்திவபுரம் கோயில். கல்வட்டங்கள் பொதுவாக அதற்கெல்லாம் பல நூற்றாண்டு முந்தியவை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வடகிழக்கே போனால் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகர் அங்கே தாழிகளைத் தோண்டி எடுத்தார். கணவாய்க்கு அந்தப் பக்கம் இவ்வளவு இருக்க, இந்தப் பக்கத்து மேட்டு நிலங்களை நாம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

சரி, நிலக்காரருக்கு வருவோம். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "இதை வெளியே சொன்னா நிலத்தை எடுத்துடுவான்லா?" என்றார். நான் போகிற இடமெல்லாம் இந்தப் பயம்தான். அப்படி எடுத்துவிட முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அரசு முறையாக அறிவித்தால்தான் கட்டுப்பாடு வரும், மத்தியச் சட்டப்படி அதற்கு முன்னால் ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். சுற்றி நூறு மீட்டரில் கட்டடம் கூடாது என்பதும் அப்படி அறிவித்த மத்தியச் சின்னங்களுக்குத்தான். ஆனால் தோண்டும்போது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருள் கிடைத்து அதை மறைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பாயும், கலெக்டருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும்.

செய்ய வேண்டியதும் பெரிய வேலை இல்லை. கல்லை அசைக்காமல், பக்கத்தில் ஒரு டேப்பை விரித்து வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், சர்வே எண்ணை எழுதி வி.ஏ.ஓ.விடம் மனுவாகக் கொடுங்கள். ஓட்டைக்கூடப் பொறுக்காதீர்கள். பிடுங்கி ஓரமாகப் போட்ட சர்வே கல் எந்த எல்லையையும் காட்டாது, இடம் மாறிய கல்வட்டக் கல்லும் ஓடும் அப்படித்தான்.

நிலக்காரர் தலையாட்டினார். பத்து நாள் கழித்து எல்லைக்கல் போட நான் போனபோது ஜேசிபி வந்துபோயிருந்தது. மேடு இல்லை. ரோட்டோரக் கையாலையில், அதாவது வேலியாகக் கட்டிய கல்சுவரில், புதிதாக அடுக்கிய கற்களை மட்டும் அடையாளம் கண்டுபிடிக்க முடிந்தது: ஒவ்வொன்றிலும் மேல்பாதி வெயில் பட்டுக் கறுத்திருந்தது, மண்ணுக்குள் இருந்த கீழ்ப்பாதி இன்னும் சிவப்பாக.