சதை எடுத்துச் சோதித்தால் பரவிவிடுமா?

நோய்க்குறியியல் மருத்துவர்களான எங்களுக்கு நோயாளியின் முகம் பெரும்பாலும் தெரிவதில்லை. பெயரும் வயதும் எழுதிய ஒரு படிவமும், சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் மூழ்கிக் கிடக்கும் மிளகளவுத் துண்டும்தான் எங்கள் மேசைக்கு வரும். சில மாதங்களுக்கு முன் ஐம்பதைக் கடந்த ஓர் அம்மா, தம் மகனுடன் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். அவருடைய இடது கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படலம் இருந்தது. முதலில் எடுத்து அனுப்பிய துண்டை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல இயலாது, மீண்டும் எடுத்து அனுப்புங்கள் என்று நான் எழுதியிருந்தேன். "ஒரு தடவை சதை எடுத்தாச்சு மேடம். மறுபடியும் கத்தி வெச்சா பரவிடும்னு எல்லாரும் சொல்றாங்களே?" என்றார் மகன்.

அறியாமை என்று ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அல்ல அது. அதற்கு விடை சொல்ல, கன்னத்தின் உட்புறம் எதனால் ஆனது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உடலில் எந்த உறுப்பை எடுத்துக்கொண்டாலும் அது நான்கே வகைத் திசுக்களின் சேர்க்கைதான்: எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு. பிரெஞ்சு மருத்துவர் சேவியர் பிஷா 1801இல் திசுக்களை 21 வகையாகப் பிரித்தார். அதுவும் நுண்ணோக்கியை நம்பாமல், உறுப்புகளை வேகவைத்தும் உலர்த்தியும் அமிலத்தில் ஊறவைத்தும் பார்த்தே பிரித்தார். பின்னர் நுண்ணோக்கி அந்தப் பட்டியலை நான்காகச் சுருக்கியது. தசை சுருங்கி விரிகிறது, நரம்பு செய்தி கடத்துகிறது, எலும்பும் கொழுப்பும் இரத்தமும் அடங்கிய இணைப்புத் திசு தாங்கிப் பிடிக்கிறது. இங்கே நமக்கு வேண்டியது முதல் வகை.

உடலின் வெளிப்பரப்பையும், வாய் முதல் ஆசனவாய் வரையிலான உட்பரப்பையும், மூச்சுக்குழல், சிறுநீர்ப்பை, கருப்பைவாய் ஆகியவற்றின் உள்வரியையும் மூடியிருப்பது எபிதீலியத் திசு. இடத்துக்குத் தக்கபடி அதன் அமைப்பு மாறும். காற்று ஊடுருவ வேண்டிய நுரையீரல் சிற்றறைகளில் அது தட்டையான ஒற்றை அடுக்கு. உணவை உறிஞ்சும் குடலில் தூண்களை நிறுத்தியதைப் போன்ற ஒற்றை அடுக்கு. ஓயாமல் உராய்வைத் தாங்கும் தோலிலும் வாயிலும் பல அடுக்கு. எல்லா இடத்திலும் பொதுவானவை இரண்டு. செல்கள் இடைவெளியின்றி நெருங்கி, அடித்தளச் சவ்வு எனும் மிக மெல்லிய விரிப்பின்மேல் அமர்ந்திருக்கும். அந்தத் திசுவுக்குள் இரத்தக் குழாய் கிடையாது. உள்ளங்கையில் மேல்தோல் உரிந்தும் ஒரு சொட்டு இரத்தம் வராமல் போவதை எல்லோரும் பார்த்திருப்போம். உரிந்தது எபிதீலியம் மட்டுமே என்பதுதான் காரணம். அதற்கு வேண்டிய ஊட்டம் கீழே இருக்கும் இணைப்புத் திசுவிலிருந்து சவ்வைக் கடந்து கசிந்து வருகிறது. இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடுவது அந்தக் கீழ்த்தளத்தில்தான்.

பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பான்மை இந்த எபிதீலியத்தில் தொடங்குகிறது. புகை, சுண்ணாம்பு, கிருமி, வெயில் என்று வெளியுலகின் தாக்குதலை முதலில் ஏற்பது இதுதான். உதிர்ந்த செல்களுக்கு ஈடாக இடைவிடாமல் புதிய செல்களை உண்டாக்குவதும் இதுதான். குடலின் உள்வரி நான்கைந்து நாளிலும், தோல் ஏறத்தாழ ஒரு மாதத்திலும் முழுவதும் புதுப்பிக்கப்படுகின்றன. ஓயாமல் நகலெடுக்கும் இடத்தில் பிழை நேர்வதற்கான வாய்ப்பும் கூடுதல். ஆனால் பிழைபட்ட செல்கள் எவ்வளவு பெருகினாலும், அடித்தளச் சவ்வுக்கு மேலேயே இருக்கும்வரை அவை கழுத்து நெறிக்கட்டிக்கோ நுரையீரலுக்கோ போக முடியாது. போவதற்கான குழாய் அங்கே இல்லை. சவ்வைத் துளைத்து இணைப்புத் திசுவுக்குள் இறங்கிய பிறகுதான் வழி திறக்கிறது. நான் நாள் முழுவதும் நுண்ணோக்கியில் தேடுவது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்கான விடையைத்தான்: எல்லை தாண்டிவிட்டதா, இல்லையா?

அந்த அம்மா இளவயது முதல் வெற்றிலை பாக்கும் புகையிலையும் இடது கன்னத்தில் அதக்கி வைப்பவர். நகத்திலும் முடியிலும் இருக்கும் கடினப் புரதமான கெரட்டின், கன்னத்தின் உட்புறத்தில் இயல்பாகப் படலமாக இருக்காது. தொடர்ந்து உறுத்தல் இருந்தால், கையில் காய்ப்பு ஏறுவதைப்போல அங்கேயும் கெரட்டின் படிகிறது. நெடுநேரம் தண்ணீரில் நின்ற பாதம் வெளுப்பதைப்போல, உமிழ்நீரில் ஊறி வெள்ளையாகத் தெரிகிறது. வெறும் காய்ப்பாகவே நின்றுவிடும் படலங்களும் உண்டு, அடியில் செல்கள் நெறிகெட்டுப்போன படலங்களும் உண்டு. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. செந்நிறத் திட்டு என்றால் ஆபத்து இன்னும் அதிகம். பாக்கு மட்டுமே போடுகிறேன், புகையிலை இல்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி: பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியிலேயே வகைப்படுத்திவிட்டது. பாக்கு கீழே இருக்கும் இணைப்புத் திசுவையும் விடுவதில்லை. அது நாராக இறுகி, வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காமல் போனவர்கள் உண்டு.

இத்தகைய மாற்றங்கள் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலிக்காததால்தான் வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். தற்செயலாகக் கடித்துக்கொண்ட புண் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். அதற்குமேல் ஆறாத புண்ணையும், தேய்த்தும் போகாத வெள்ளை, சிவப்புத் திட்டையும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இனி அந்த மகனின் கேள்வி. கன்னத்தில் சிறு துண்டு எடுப்பதால் நோய் பரவுவதில்லை. சவ்வைக் கரைத்துக் கீழே இறங்கும் திறனைப் புற்றுச்செல் தானாகவே பெறுகிறது. கத்திக்காக அது காத்திருப்பதில்லை. விரைப்பைக் கட்டியில் ஊசி குத்துவதை மருத்துவர்கள் தவிர்ப்பார்கள் என்பதும், கல்லீரல் போன்ற உறுப்புகளில் ஊசி சென்ற தடத்தில் செல்கள் ஒட்டுவது மிக அரிதாக நேர்கிறது என்பதும் உண்மை. எந்த இடத்தில் எப்படி எடுப்பது என்பது அதனால்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. பலர் நோய் முற்றிய பிறகே சோதனைக்கு வருகிறார்கள். அடுத்த சில மாதங்களில் நிலைமை மோசமாகும்போது பழி முழுவதும் கத்தியின் மேல் விழுகிறது.

முதல் துண்டு ஏன் பயன்படவில்லை? அது மேலாகக் கிள்ளிய துண்டு. எபிதீலியத்தின் மேலடுக்குகள் மட்டுமே வந்திருந்தன; எல்லைக்கோடே துண்டில் இல்லாதபோது எல்லை தாண்டியதா என்று யார் சொல்ல முடியும்? இது போதாதென்று அதை ஃபார்மலினில் போடாமல் வெறும் சலைனில், அதாவது உப்பு நீரில், போட்டு அனுப்பியிருந்தார்கள். செல்கள் பாதி கரைந்துபோயிருந்தன. எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை, மாதத்தில் நான்கைந்து முறை நான் காணும் பிழைதான் இது. ஆனால் இரண்டாம் முறை கத்திக்கு அஞ்சி நோயாளி திரும்பி வராமலே போனால், அந்தப் பிழையின் விலையைக் கொடுப்பவர் அவர்தான்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். இரண்டாவது துண்டு ஆழமாக, ஒழுங்காக எடுக்கப்பட்டிருந்தது. மெழுகுக் கட்டியில் பதித்து, மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்குக்கும் மெல்லிய சீவலாகச் சீவி, சாயமேற்றிப் பார்த்ததில் செல்கள் நடுத்தர அளவுக்கு நெறிகெட்டிருந்தன, எல்லை அறுபடவில்லை. பெரிய மருத்துவமனையில் காட்டுவதற்காக மெழுகுக் கட்டியை வாங்க வந்தபோது, அந்த அம்மாவை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "ரோஸ் சேலைக்கு ஊதாக் கரை போட்ட மாதிரி இருக்கு டாக்டரம்மா. கரை எங்கயும் கிழியலியே?" என்றார். கிழியவில்லை என்றேன்.

படலத்தை நீக்கிய பிறகும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாயைக் காட்ட வேண்டும் என்பதை அறிக்கை உறையின் மேல் மகனையே தமிழில் எழுதச் செய்தேன். அவர் எழுதி முடிப்பதற்குள் அந்த அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, உள்ளே மிச்சமிருந்த பாக்கை எங்கள் குப்பைக் கூடையில் கொட்டினார்.