அனோரெக்ஸியா: பசி போனதால் வரும் நோய் அல்ல

"பசியே எடுப்பதில்லை டாக்டர், டானிக் எழுதிக் கொடுங்கள்." உடல் மெலிந்த மகளை மனநலப் பிரிவுக்கு அழைத்து வரும் பெற்றோர் பலரும் கேட்பது இதைத்தான். நோயின் பெயரும் அவர்களை அப்படியே நம்ப வைக்கிறது.

பண்டைய கிரேக்கத்தில் 'ஓரெக்ஸிஸ்' என்றால் நாட்டம். கை நீட்டி ஒன்றை எட்டுவதைச் சொல்லும் வினையிலிருந்து பிறந்த சொல். உடலின் இச்சை முதல் அறிவு சார்ந்த விருப்பம் வரை எல்லாவற்றையும் அரிஸ்டாட்டில் இதில் அடக்கினார். மருத்துவத்தில் அது உணவு நாட்டமாகச் சுருங்கியது. இன்மையைக் குறிக்கும் முன்னொட்டோடு 'அனோரெக்ஸியா' ஆனது. காசநோயிலும் மஞ்சள் காமாலையிலும் வரும் பசியின்மைக்கு இது பொருத்தமான பெயர்தான்.

1870களில் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் பெயரிட்ட 'அனோரெக்ஸியா நெர்வோசா' வேறு. இதில் பெரும்பாலும் பசி இருக்கும். எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் அதை அடக்குகிறார்கள். வீட்டில் அனைவருக்கும் விதவிதமாகச் சமைத்துப் பரிமாறிவிட்டு, ஓர் இட்லியை நகக்கண் அளவுக்குப் பிய்த்து முக்கால் மணி நேரம் தட்டிலேயே நகர்த்திக்கொண்டிருக்கும் மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். கைபேசியில் ஓயாமல் சமையல் வீடியோக்கள். பட்டினி மூளையை அப்படித்தான் ஆட்டிப்படைக்கும். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்த ஆய்வில், 36 ஆண்கள் தாங்களாகவே முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். அவர்களில் சிலர் சமையல் புத்தகங்களைத் தேடித்தேடிப் படித்தார்கள்!

ஆகவே பசிக்கான டானிக் இங்கே உதவாது. "கொழுப்பெடுத்துப் போய்ப் பட்டினி கிடக்கிறாள்" என்ற ஏச்சு அந்தப் பிள்ளையை இன்னும் ஒடுங்க வைக்கும். மாதவிடாய் நிற்பது, வெயிலிலும் குளிர்வது, கைகளில் மெல்லிய பூனைமுடி, சாப்பிட்டவுடன் கழிப்பறைக்கு ஓடுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும். அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் இதனால் இதயம் பழுதாகி 1983இல் இறந்தபோது அவருக்கு வயது 32.

பெற்றோரே வேளைதோறும் உடனிருந்து உணவூட்டும் குடும்பச் சிகிச்சை, வளரிளம் பருவத்தினரிடம் நல்ல பலன் தருகிறது. ஆனால், மிகவும் மெலிந்தவருக்குத் திடீரென வயிறு நிறைய ஊட்டாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென இறங்கி இதயத்துடிப்பு தாறுமாறாகும், உயிருக்கே ஆபத்து. முதலில் ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் எடுங்கள். எவ்வளவு உணவு, எந்த வேகத்தில் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மயங்கி விழுந்தாலோ நாடி மிக மெதுவாகத் துடித்தாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.