அயர்லாந்தில் சால்மன் தூண்டில்: உரிமமும் செவுள் பட்டையும்

அயர்லாந்தில் சால்மனையோ கடல் ட்ரவுட்டையோ தூண்டிலில் பிடிக்க விரும்புபவர் முதலில் அரசு உரிமம் பெற வேண்டும். உள்நாட்டு மீன்வளத்துக்குப் பொறுப்பான இன்லேண்ட் ஃபிஷரீஸ் அயர்லாந்து இதனை நிர்வகிக்கிறது. ஓராண்டு, 21 நாள், ஒரு நாள் எனப் பலவகை உரிமங்கள் உண்டு. ஆனால் உரிமம் மட்டும் இருந்தால் போதாது. அந்த ஆற்றின் மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் தனியாக அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும். டோனகல் மாவட்டத்தின் ஓவெனியா ஆற்றை மேற்படி அமைப்பே நடத்தினாலும், அங்கும் இவை இரண்டும் வேறு வேறுதான்.

ஓவெனியா போன்ற சிற்றாறுகளில் மழைவெள்ளம் வந்து வடியத் தொடங்கும் சில மணி நேரமே செயற்கை ஈ கட்டிய தூண்டிலுக்கு உகந்த வேளை. அந்த அவசரத்தில் விதியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதால், ஆற்றின் அவ்வாண்டு நிலையை வீட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது. அறிவியல் மதிப்பீட்டின்படி ஒவ்வோர் ஆறும் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு வகையில் அடங்கும்: மீனை எடுத்துச் செல்லலாம், பிடித்துவிட்டுத் திரும்ப விட வேண்டும், தூண்டிலே போடக்கூடாது. இரண்டாம் வகை ஆறுகளில் மண்புழுவுக்குத் தடை. தூண்டில்முள்ளில் எதிர்முள் (மீன் நழுவாதபடி முனையருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்) இருக்கக் கூடாது.

எடுத்துச் செல்லலாம் என்ற ஆற்றில்தான் பிடித்த மீனுக்கு அடையாளப் பட்டை பூட்டும், 2001 முதல் நடப்பில் உள்ள பட்டைத் திட்டம் முழுமையாகச் செயல்படுகிறது. சால்மனையோ 40 செ.மீ.க்கு மேற்பட்ட கடல் ட்ரவுட்டையோ வைத்துக்கொள்வதாக இருந்தால், மீனைக் கொன்ற கையோடு, கரையிலேயே, உரிமத்துடன் தரப்பட்ட பட்டையைச் செவுள் வழியாகக் கோத்துப் பூட்டிவிட்டு, விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். காருக்குப் போய்க் கட்டிக்கொள்ளலாம் என்பது செல்லாது. ஆண்டுக்கு 10 மீன் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் உச்சவரம்பு. நாள்வரம்பு பருவத்துக்கேற்ப மாறும். ஒழுங்குவிதி ஆண்டுதோறும் புதிதாக வருவதால், சென்ற ஆண்டுக் கணக்கை நம்பிப் போகக் கூடாது. தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பது சட்டப்படி குற்றம்.

பருவம் முடிந்ததும் பதிவேட்டையும் மிஞ்சிய பட்டைகளையும் அக்டோபர் 19-க்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு மீனும் சிக்காதவருக்கும் இது பொருந்தும்; அடுத்த ஆண்டு எந்த ஆறு திறக்கும் என்று கணிக்க உதவும் தரவுகளில் அந்த வெற்றுப் பதிவேடும் சேர்கிறது.