சிதைவு: விமானத்துக்கு 'இடிபாடு' பொருந்துமா?

'விமானத்தின் இடிபாடுகள் அகற்றப்பட்டன.' விபத்துச் செய்திகளில் இப்படி ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும். ஆங்கிலத்தில் ரெக்கேஜ் என்று இருப்பதைத்தான் இப்படி எழுதுகிறோம். இந்த வரியில் எனக்கு இரண்டு சொற்கள் உறுத்துகின்றன: ஒன்று இடிபாடு, இன்னொன்று அகற்றுவது.

முதலில் ரெக்கேஜ். அதன் வேரான ரெக், கடற்கரையில் புழங்கிய சொல். ஸ்காண்டிநேவியாவில் பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியில் உந்து, துரத்து என்று பொருள்படும் வினையோடு அதற்கு உறவு உண்டு. உடைந்த கப்பலிலிருந்து அலை தள்ளிக்கொண்டுவந்து கரையில் போட்ட பொருளுக்கு அந்தப் பெயர். மணிமேகலையில் சாதுவன் ஏறிய மரக்கலம் உடைந்தபோது அவன் 'ஒடிமரம் பற்றி ஊர்திரை உகைப்ப'க் கரை சேர்கிறான். உகைத்தல் என்றாலும் உந்துதல்தான். ஒடிந்த மரமும் உந்தும் அலையும் சேர்ந்த அந்தக் காட்சிதான் ரெக் என்ற சொல்லுக்குள்ளும் இருக்கிறது.

விமானத் துறைக்கு வந்ததும் சொல்லின் கவனம் இடம் மாறிவிட்டது. எங்கே ஒதுங்கியது என்பதைவிட, எங்கே விழுந்தது, எப்படிக் கிடக்கிறது என்பதே கேள்வி. புலனாய்வாளர்கள் களத்துக்கு வந்ததும் விமானத்தின் நான்கு முனைகளைத் தேடுவார்கள்: மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனிகள். நான்கும் ஒரே இடத்தில் கிடந்தால் தரையில் மோதும்வரை விமானம் பெரும்பாலும் முழுதாக இருந்திருக்கிறது. வால் மட்டும் சில கிலோமீட்டர் பின்னால் கிடந்தால் வானிலேயே உடையத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த வாலை யாரோ நல்ல எண்ணத்தோடு லாரியில் ஏற்றி மற்ற துண்டுகளோடு சேர்த்து வைத்துவிட்டால், அது சொல்ல வந்த சேதி அங்கேயே போய்விடும்.

இதனால்தான் இடிபாடு பொருந்தவில்லை என்கிறேன். இடிவது கட்டடம், சுவர், கோட்டை. இடிபாடு என்றதும் அடியில் சிக்கியவர்களை மீட்டு, மண்ணை வாரிக் கொட்டி, இடத்தைச் சுத்தம் செய்வதுதான் மனதில் வரும். விமானம் வீட்டின்மேல் விழுந்தால் இரண்டும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும். அப்போது வீட்டினுடையதை இடிபாடு என்றும் விமானத்தினுடையதைச் சிதைவு என்றும் பிரித்துச் சொல்ல முடிந்தால் எவ்வளவு தெளிவு! சிதிலம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது தளர்ந்தது என்ற பொருளுள்ள வடசொல்லின் வழி வந்தது. காலத்தால் நைந்துபோன பழங்கோயிலுக்குச் சரி, ஒரு நொடியில் நொறுங்கியதற்குப் பொருந்தாது.

ஆகவே ரெக்கேஜுக்குச் சிதைவு, அல்லது பன்மையில் சிதைவுகள். அவை பரவிக் கிடக்கும் நிலத்துக்குச் சிதறல் பரப்பு என்பது என் பரிந்துரை. 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகருக்கு மேல் பான் ஆம் நிறுவனத்தின் விமானம் குண்டுவெடிப்பில் சிதறியபோது தேட வேண்டியிருந்த பரப்பு ஏறக்குறைய 845 சதுர மைல். அங்கே கிடைத்த ஒரு சட்டைத் துணியில் சிக்கியிருந்த விரல் நகம் அளவிலான மின்சுற்றுத் துண்டு, வழக்கின் முக்கியச் சான்றானது. அந்தத் துணியைக் குப்பையோடு வாரியிருந்தால்?

பரப்பில் கிடப்பதெல்லாம் அந்த விமானத்தினுடையதாகவே இருக்கும் என்றும் நினைக்கக் கூடாது. 2000 ஜூலை 25 அன்று பாரிசில் கான்கார்ட் என்ற அதிவேகப் பயணிகள் விமானம் விபத்துக்குள்ளான பின் ஓடுபாதையில் கிடைத்த உலோகப் பட்டை, அதற்குச் சற்றுமுன் புறப்பட்ட வேறொரு விமானத்திலிருந்து விழுந்தது. கான்கார்டின் டயரைக் கிழித்தது அதுதான்.

அப்புறம், உடைந்த இரண்டு துண்டுகளைக் கையில் எடுத்துப் பொருத்திப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரும். அதைச் செய்யவே கூடாது. உடைந்த முகத்திலுள்ள நுண்ணிய வரிகள், அது மெல்ல மெல்ல விரிசல் விட்டு ஒடிந்ததா, ஒரே அடியில் முறிந்ததா என்று காட்டும். உரசினால் அவை அழிந்துவிடும். எச்சரிக்கை விளக்கின் பல்பைக்கூட வீசிவிட முடியாது. மோதிய கணத்தில் அது எரிந்துகொண்டிருந்தால், சூடான இழை அறுந்துபோகாமல் நீண்டு சுருள் குலைந்திருக்கும்.

இனி, அகற்றுவது. சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1951இல் ஏற்ற, விபத்து விசாரணை விதிகளைக் கொண்ட 13ஆம் இணைப்பு, சான்றுகளைக் காக்கும் பொறுப்பை விபத்து நடந்த நாட்டிடம் விடுகிறது. ஆட்களையும் விலங்குகளையும் மீட்க, தபாலையும் விலையுயர்ந்த பொருள்களையும் எடுக்க, தீயால் அழியாமல் காக்க, பிறருக்கு ஆபத்து வராமல் தடுக்க என்று சில காரணங்களுக்காகச் சிதைவை நகர்த்தலாம். உயிர் முதலில்; அதில் பேச்சே இல்லை. ஒருவரை வெளியே எடுக்க விமானத்தின் உடற்பகுதியை வெட்டத்தான் வேண்டும் என்றால் வெட்டலாம். நேரம் இருந்தால் முதலில் படம் எடுத்து, எங்கே வெட்டினோம், எந்தச் சுவிட்சில் கை பட்டது என்று பிறகு புலனாய்வாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

களத்தில் நடப்பதற்கு 'சிதைவுகள் பதிவு செய்யப்பட்டன', 'சேகரிக்கப்பட்டன' என்று எழுதினால் போதும். விசாரணைக்கு இனித் தேவையில்லை என்று புலனாய்வாளர்கள் உரியவரிடம் விடுவித்த பிறகு மிச்சத்தை லாரியில் ஏற்றுவார்கள். 'அகற்றப்பட்டன' என்ற சொல்லுக்கு அப்போதுதான் வேலை.