ஆளுநர்: சுக்கானில் பிறந்த சொல்

'கவர்னர்' என்றதும் மாளிகையும் காவலர்களும் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் இந்தச் சொல் பிறந்தது கப்பலில். கப்பல் செலுத்துவதைக் குறித்த 'குபெர்னான்' என்ற கிரேக்கச் சொல், லத்தீனில் 'குபெர்னாரே' ஆகி, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. சுக்கான் பிடித்தவரே முதல் கவர்னர்.

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ஜான் வின்த்ராப்பின் வாழ்க்கை இந்தச் சொல்லுக்கு நல்ல உரை. அமெரிக்காவில் குடியேற்றம் அமைக்க முனைந்த ஆங்கிலேய வணிக நிறுவனமான மாசசூசெட்ஸ் விரிகுடா நிறுவனத்தார் 1629 அக்டோபரில் அவரைக் கவர்னராகத் தேர்ந்தெடுத்தபோது, அவர் அமெரிக்க மண்ணை மிதித்ததே இல்லை. அன்று பங்குதாரர்கள் நடத்திய வணிக நிறுவனத்தின் தலைவருக்கும் அதுதான் பெயர். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவரும் கவர்னரே. வின்த்ராப், நிறுவனத்துக்கு அரசர் அளித்த உரிமைப் பட்டயத்தையே கையோடு எடுத்துக்கொண்டு 1630 ஏப்ரலில் 'ஆர்பெல்லா' கப்பலில் புறப்பட்டார். ஜூனில் அமெரிக்காவின் சேலம் வந்து சேர்ந்தார். அந்தத் தோல் சுருளோடு நிறுவனமும் கடல் கடந்துவிட்டது. பங்குதாரர் கூட்டம் சட்டமன்றமாயிற்று; நிறுவனத் தலைவர் நாடாள்பவர் ஆனார். இந்தச் சொல்லின் வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இது.

1634-இல் ஊர்ப் பிரதிநிதிகள், பட்டயத்தைக் காட்டுங்கள் என்றார்கள். சட்டம் இயற்றும் உரிமை பங்குதாரர் கூட்டமான பொதுச்சபைக்கே உரியது என்று அதில் இருந்தது. அதுவரை அந்த உரிமை கவர்னரிடமும் அவருடைய உதவியாளர்களிடமுமே இருந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் வின்த்ராப் தோற்றார். தாமஸ் டட்லி வந்தார். பின்னர் வின்த்ராப் மீண்டும் வென்றார். மாற்றுக் கருத்து பேசிய ஆன் ஹட்சின்சனை 1637-இல் விசாரித்து நாடு கடத்தத் தீர்ப்பளித்ததும் அவர்தான். அது அவர்மேல் அழியாத கறை. 1649-இல் பதவியில் இருக்கும்போதே பாஸ்டனில் இறந்தார். அதே ஆண்டு அதே ஊரில் பிறந்த எலிஹு யேல், பிற்காலத்தில் சென்னைக் கோட்டையின் கவர்னரானார்.

தமிழில் 'ஆளுநர்' பொருத்தமான சொல். 'ஆள்' என்ற வினையடியோடு 'நர்' விகுதி சேர்ந்தது. ஓட்டுநர், இயக்குநர் போலவே இதற்கும் 'ந'தான், 'ஆளுனர்' பிழை. கிரேக்க மூலத்தின் நேர்ப்பொருள் ஓட்டுநர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

எச்சரிக்கை ஒன்று உண்டு. நம் காதில் ஆளுநர் என்றால் மேலிடத்து நியமனம். 1624 முதல் வர்ஜீனியாவுக்கு அரசர் அனுப்பியவர்களுக்கு அது அப்படியே பொருந்தும். வின்த்ராப்பை எழுதும்போது 'தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர்' என்று எழுத வேண்டும். 1629-இன் வின்த்ராப்பை மட்டும் 'நிறுவனத் தலைவர்' என்பதே சரி.