பனியாறு ஏன் கறுப்பாக இருக்கிறது? சென்னையிலிருந்து கோமுக் போகும் இருவருக்கு

உத்தரகண்டின் கங்கோத்ரியிலிருந்து 18 கிலோமீட்டர் நடந்து, பாகீரதி ஆறு வெளிவரும் பனியாற்று முகப்பான கோமுக் முன்னால் போய் நிற்கும் பலருக்கும் முதலில் வருவது ஏமாற்றம்தான். காலண்டர் படத்தில் பார்த்த வெள்ளைவெளேர் பனி எங்கே? எதிரே இருப்பது, வீடு கட்டும் மனையில் ஜல்லியும் மண்ணும் கலந்து கொட்டிவைத்தது மாதிரி ஒரு கல்மேடு. முகப்பில் மட்டும் அழுக்கு நீலத்தில் பனிச்சுவர் தெரியும். அதன் அடியில் ஒரு பிளவு, அதற்குள்ளிருந்து சிமெண்ட் கரைத்த நிறத்தில் பாகீரதி ஆறு.

அந்தக் கல்மேடுதான் பனியாறு. சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரி பனியாற்றின் கீழ்ப்பகுதி முழுக்கக் கல் போர்த்திக்கொண்டுதான் படுத்திருக்கிறது. இருபுறமும் நிற்கும் செங்குத்து மலைகளிலிருந்து பாறை உடைந்து பனிமேல் விழுகிறது. விழுந்தது மேலே பெய்யும் பனியில் புதைந்து, பனியோடு கீழே பயணம் செய்கிறது. தாழ்வான இடத்துக்கு வந்ததும் பனி உருகிவிடும், கல் உருகாது. அதனால் கீழே வரவரக் கல் மேலே சேர்ந்துகொண்டே போகிறது.

இந்தக் கல் போர்வை பனியைக் காக்கிறதா, கரைக்கிறதா என்பது அதன் கனத்தைப் பொறுத்தது. ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் தூசியும் பொடிக்கல்லும் படிந்திருந்தால், கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சி அடியிலுள்ள பனிக்குக் கடத்திவிடும். வெறும் பனியைவிட வேகமாக உருகும். கனம் அதைத் தாண்டினால் கதை மாறிவிடும். மேலே சுட்ட கல்லின் வெப்பம் அடிவரை இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

சென்னைக்காரர்களுக்கு இது புதிதல்ல. மெரினாவுக்கு எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் 1842இல் கட்டப்பட்டது. அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூள் போர்த்திக் கப்பலில் கொண்டுவந்து இங்கே வைத்து விற்றார்கள். மாதக்கணக்கில் கடலில் வெயில் தின்றும் விற்குமளவுக்குக் கட்டி மிஞ்சியது மரத்தூளால்தான். கோமுக்கில் அதே வேலையைக் கல் செய்கிறது.

சரி, இந்தப் பனிக்கட்டி எப்படி உண்டாகிறது? அதற்கும் இமயமலை வரை போக வேண்டாம். காசிமேட்டில் மீன்பெட்டியில் அரைத்துப் போட்ட ஐஸ் சில மணி நேரத்தில் ஒரே கட்டியாக இறுகிப்போய், கம்பியால் குத்தி உடைக்க வேண்டியிருக்கும். துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஒட்டி வளர்வதால் வருவது அது. மலையுச்சியில் இதே இறுக்கம், மேலே ஆண்டுதோறும் குவியும் பனியின் எடையால் பல ஆண்டுகள் நடக்கிறது. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோகூட இருக்காது, பெரும்பகுதி காற்று. அமுங்க அமுங்க அது 830 கிலோவை எட்டும்போது காற்றுக்கு வெளியே போக வழி அடைபட்டு, குமிழிகளாக உள்ளேயே சிறைப்படும். அதற்குப் பிறகுதான் அதைப் பனியாற்றுப் பனி என்கிறார்கள்.

அமுங்கிய பனி நீலமாகத் தெரிவதற்கும் இந்த அமுக்கம்தான் காரணம். வானத்தின் பிரதிபலிப்பு என்று வழிகாட்டிகள் சொல்வதை நம்ப வேண்டாம். நீர் மூலக்கூறு சிவப்பு ஒளியைச் சிறிதளவு உறிஞ்சும். குமிழி நிறைந்த பனியில் ஒளி மேற்பரப்பிலேயே சிதறித் திரும்பிவிடுவதால் வெள்ளை. குமிழி குறைந்த பனியில் ஒளி ஆழமாகப் போய்த் திரும்புவதற்குள் சிவப்பு கரைந்து நீலம் மிஞ்சுகிறது.

இவ்வளவு கெட்டியான பொருள் ஆறு என்று பெயர் வாங்கியது, நகர்வதால். ஆண்டுக்குச் சில பத்து மீட்டர். அடியிலே உருகிய நீர் பாறைமேல் வழுக்கிவிடுவது ஒரு வழி. இன்னொன்று, பனியே உள்ளுக்குள் நெளிவது. தன் எடையின் அழுத்தம் இரண்டு மடங்கானால் நெளியும் வேகம் ஏறக்குறைய எட்டு மடங்காகும். அதனால் ஆழத்தில் பனி பிசைந்த மாவு போல இளகிக்கொடுக்கும். மேலே உள்ள 30 மீட்டர் சொச்சம் மட்டும் அந்த அளவு அழுத்தம் இல்லாமல் விறைப்பாகவே இருக்கும். அடி வளைந்து போகிறது, மேல் வளையாது, ஆகவே பிளக்கிறது. பனிப்பிளவுகள் வருவது இப்படி. கல்லும் புதுப்பனியும் மூடிய பிளவு கண்ணுக்குத் தெரியாது. கோமுக்கைத் தாண்டித் தபோவனம் போக ஆசைப்படுகிறவர்கள் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் பனியாற்றின்மேல் காலே வைக்கக் கூடாது என்று சொல்வது அதனால்தான். 'முன்னால் போனவர் காலடி இருக்கிறதே' என்பது இங்கே செல்லாது. அவர் போன பிறகு பனி நகர்ந்திருக்கும்.

பனி முன்னோக்கி நகர்கிறது, ஆனால் பனியாறு பின்வாங்குகிறது என்பது கேட்கக் குழப்பமாக இருக்கும். மேலிருந்து வரும் பனியைவிட முகப்பில் உருகுவது அதிகமானால் முகப்பு பின்னே போகும், அவ்வளவுதான். கங்கோத்ரியின் முகப்பு 1935இல் அளந்து வரைபடம் போடப்பட்டது. அதன்பின் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருக்கிறது.

சென்னையில் வளர்ந்தவர் இங்கே தவறு செய்யக்கூடியது ஆற்று விஷயத்தில். நமக்குத் தெரிந்த ஆறெல்லாம் மழை ஆறு. தமிழ்நாட்டு ஆறு எதுவும் பனியாற்றில் பிறக்கவில்லை. மேகம் கறுத்தால் அடையாற்றைப் பார்த்துப் பயப்படுவோம், வெயில் அடித்தால் நிம்மதி. அங்கே நேர்மாறு. மேகமே இல்லாத பளிச்சென்ற நாளில்தான் பனி அதிகம் உருகும். காலையில் கணுக்கால் நனையும் ஓடை மாலை நான்கு மணிக்கு முழங்கால் தாண்டி இழுக்கும். இரவுக் குளிரில் உருகல் நின்று மறுபடி விடிகாலை வற்றும். தண்ணீர் கலங்கலாக இருப்பதால் ஆழமும் தெரியாது. கலங்கலுக்குக் காரணம் பனியாறு பாறையைத் தேய்த்து மாவாக்கிய தூள், கோதுமை மாவைவிட நைசாக இருக்கும், எளிதில் படியாது. காலையில் சுலபமாகக் கடந்துபோன ஓடையே திரும்பும்போது வழியை அடைத்துவிடும். ஓடைகளை விடிந்த கையோடு கடந்துவிடுவதே வழி.

கல் விழுவதற்கும் நேரக்கணக்கு உண்டு. பாறை இடுக்கில் உறைந்த நீர் இரவெல்லாம் கல்லைப் பிடித்துவைத்திருக்கும். வெயில் பட்டு அது உருகினதும் கல் உருளும். கோமுக் பாதையில் வரும் சீர்பாசாவுக்கும், இரவு தங்கும் இடமான போஜ்பாசாவுக்கும் நடுவே உள்ள சரிவுகளில் இது வழக்கம். அங்கே நின்று படம் எடுக்க வேண்டாம், இருவரும் சேர்ந்து நடக்காமல் இடைவெளி விட்டுக் கடக்க வேண்டும். கோமுக்கின் பனிச்சுவருக்கு அடியில் போய்த் தண்ணீர் பிடிப்பதும் அதே காரணத்தால் ஆபத்து. மேலே பதிந்த கல்லும் பனிப்பாளமும் முன்னறிவிப்பு இல்லாமல் விழும்.

மழைக்காலத்தில், ஜூலை ஆகஸ்டில், போகவே வேண்டாம். 2025 ஆகஸ்ட் 5 அன்று சேறும் பாறையும் வந்து தராலி கிராமத்தை மூடியது கங்கோத்ரி போகும் சாலையில்தான். மே, ஜூன் அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நல்லது. கோமுக் பாதை இருக்கும் கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு 150 பேருக்கு மட்டுமே அனுமதி என்பதால் அனுமதிச்சீட்டை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

இனி உடம்பு. கங்கோத்ரி சுமார் 3,100 மீட்டர், போஜ்பாசா 3,800, கோமுக் கிட்டத்தட்ட 4,000. உயரத்தில் ஆக்ஸிஜன் 'குறைவு' என்பது பாதி உண்மை. காற்றில் அதன் பங்கு அங்கும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். போஜ்பாசாவில் அது சென்னையில் இருப்பதில் சுமார் 63 சதவீதம். ஒவ்வொரு மூச்சிலும் அதே விகிதத்தில்தான் ஆக்ஸிஜன் வரும்.

உடம்பு முதலில் செய்வது வேகமாக மூச்சுவிடுவது. அதில் ஒரு சிக்கல்: கரியமில வாயு அதிகம் வெளியேறி ரத்தம் காரத்தன்மை அடைகிறது, உடனே மூளை 'மூச்சைக் குறை' என்கிறது. சிறுநீரகம் காரப்பொருளான பைகார்பனேட்டை வெளியேற்றி இந்த முட்டுக்கட்டையை நீக்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அங்கே அடிக்கடி சிறுநீர் வருவது நல்ல அறிகுறி. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டாம்.

இந்த இழுபறியின் இன்னொரு முகம் இரவில் தெரியும். தூக்கத்தில் மூச்சு வேகமெடுத்து, தேய்ந்து, சில விநாடி நின்றே போய், பிறகு பெருமூச்சோடு தொடங்கும். பக்கத்தில் படுத்திருக்கும் கணவனோ மனைவியோ பயந்து எழுப்பிவிடுவது சகஜம். இது மட்டும் இருந்தால் கவலை இல்லை. தூக்க மாத்திரையும் மதுவும்தான் கூடாது, இரண்டும் மூச்சை இன்னும் மந்தமாக்கும்.

ஊட்டியில் ஒன்றும் ஆகவில்லையே என்று எண்ண வேண்டாம். ஊட்டி 2,240 மீட்டர். உயரத்துக்கு உடம்பு பழகாததால் வரும் மலைநோய் பெரும்பாலும் தலைகாட்டுவது 2,500க்கு மேல். தினமும் கடற்கரையில் ஓடுகிறவர் என்பதாலும் பாதுகாப்பு கிடையாது. உடல் வலுவும் உயரத்துக்குப் பழகும் வேகமும் வேறு வேறு. வலுவானவர் வேகமாக ஏறி முதலில் விழுவதுண்டு.

3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் கணக்கு. கங்கோத்ரியிலிருந்து போஜ்பாசாவுக்கு 700 மீட்டர் தாவல், நடுவில் தங்க வசதி குறைவு. அதை ஈடுகட்ட, டேராடூனில் இறங்கி உத்தரகாசியில் ஓர் இரவு, ஹர்சிலில் ஓர் இரவு, கங்கோத்ரியில் இரண்டு இரவு, பிறகு போஜ்பாசா. மறுநாள் விடிகாலை அங்கிருந்து 4 கிலோமீட்டரில் கோமுக், மதியத்துக்குள் திரும்பி இறங்கத் தொடங்கலாம். லீவு இல்லை என்று வெட்டப்படுவது எப்போதும் கங்கோத்ரியின் இரண்டாவது இரவுதான். வெட்டக் கூடாததும் அதுதான். அசெட்டசோலமைட் மாத்திரை மேலே சொன்ன சிறுநீரக வேலையை விரைவுபடுத்தும். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ இருந்தால் மேலே ஏறாமல் அங்கேயே தங்குங்கள். குறையவில்லை என்றால் இறங்குங்கள். ஒருவரையொருவர் சோதிக்க எளிய வழி: குதிகாலோடு கட்டைவிரல் தொடும்படி ஒரே கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்து இருமல் வந்தால் நுரையீரலில் நீர். இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே இறங்க வேண்டும், இருவருமாக. பாதிக்கப்பட்டவர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வார், அதனால் முடிவு மற்றவருடையது என்று ஊரிலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது. ரத்த ஆக்ஸிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை அதிகம் நம்ப வேண்டாம். சில்லிட்ட விரலிலும் நகப்பூச்சிலும் அது தப்பாகக் காட்டும், 85 முதல் 90 சதவீதம் என்பது அந்த உயரத்தில் சாதாரணம்.

காற்றழுத்தம் சமையலிலும் கைவைக்கும். போஜ்பாசாவில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி வேகாது. குக்கர் இருந்தால் பிழைத்தோம். சென்னையில் 121 டிகிரி தரும் அதே விசில், அங்கே சுமார் 115 தரும். இரண்டு விசில் கூடுதலாக விட்டால் சோறு ரெடி.

கிளம்பும் முன் காலி தண்ணீர் பாட்டிலை மலையிலேயே எறிந்துவிடாமல் மூடியை இறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பூங்காவின் விதியும் அதுதான். மீனம்பாக்கத்தில் இறங்கிப் பையைத் திறந்தால், யாரோ கையால் கசக்கியது போல அது ஒடுங்கிக் கிடக்கும்.